கோட்டாற்றில் அரங்கேறிய இரவுப் பயணம்

தேங்காய்ப்பட்டணத்துப் பழைய பள்ளியை யார் கட்டினார்கள் என்று தேடிப் போன வழிதான் என்னைக் கோட்டாற்றில் கொண்டு நிறுத்தியது. இரண்டும் எங்கள் கருங்கல்லிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். மேற்கே போனால் குழித்துறையாறு கடலில் சேரும் இடத்தில் தேங்காய்ப்பட்டணம். கிழக்கே திங்கள்சந்தை வழியாகப் போனால் நாகர்கோவிலோடு ஒட்டிக் கிடக்கும் கோட்டாறு. ஏடுகளின் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகத்தான் கொல்லம், லிஸ்பன், பத்தேபூர் சிக்ரி, ஜெருசலேம் என்று சுற்ற வேண்டியிருந்தது.

தமிழ் வாசகருக்குத் தேங்காய்ப்பட்டணம் தோப்பில் முஹம்மது மீரானின் ஊர். அங்குள்ள ஜும்ஆ பள்ளியை, இஸ்லாத்தைப் பரப்ப அரபு நாட்டிலிருந்து வந்தவராக நம்பப்படும் மாலிக் இப்னு தீனாரின் பெயரோடு சேர்த்தே ஊரார் சொல்வார்கள். “மாலிக் தீனார் வந்து கட்டின பள்ளியாக்கும் மக்களே, இதுக்கு எழுத்து வேணுமா?” என்றார் அங்கே இருந்த ஒரு பெரியவர். பேச்சு எங்கெங்கோ போய் ஹஜ்ஜில் வந்து நின்றது. “அந்தக் காலத்துல இங்கேருந்து மக்காவுக்கு எப்பிடி வாப்பா போனாங்க?” என்று கேட்டேன். “எல்லாருமா போனாங்க? போனவன் ஒருத்தன்னா போகாதவன் ஊரு முழுக்க. போகாதவனுக்கும் அல்லாஹ் ஒரு வழி வச்சிருப்பான்லா” என்றார். கட்டியவர் யார் என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நிற்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாலிக் இப்னு தீனார் கதைக்கு மிகப் பழைய, மிகக் கவனமான எழுத்துச் சான்றுகளில் ஒன்று ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’. மலபார்க் கரைக்குப் போர்ச்சுக்கீசியர் வந்த 1498 முதல் 1583 வரையிலான நிகழ்ச்சிகளைச் சொல்லும் நூல் அது. பீஜப்பூர் சுல்தான் அலி ஆதில் ஷாவுக்குக் காணிக்கையாக எழுதப்பட்டது. 1833இல் ரோலண்ட்சன் அதை ஆங்கிலமாக்கினார். 1898இல் டேவிட் லோபேஸ் அரபு மூலத்தோடு போர்ச்சுக்கீசிய மொழிபெயர்ப்பை லிஸ்பனில் வெளியிட்டார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழக அரபுத் துறையின் முகம்மது உசைன் நயினார் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பைத் தந்தார்.

மாலிக் தீனாரும் உடன்வந்தவர்களும் எழுப்பிய பள்ளிகளை மக்தூம் ஊர் ஊராகச் சொல்கிறார். கொடுங்கல்லூர், கொல்லம், ஏழிமலை, பார்க்கூர், மங்களூர், காசர்கோடு, ஸ்ரீகண்டபுரம், தர்மடம், பந்தலாயினி, சாலியம். பத்து இடங்கள். தெற்கில் அந்தப் பட்டியல் கொல்லத்தோடு நின்றுவிடுகிறது. தேங்காய்ப்பட்டணம் அதில் இல்லை. சேர மன்னர் சேரமான் பெருமாள் நபிகள் காலத்திலேயே அரபு நாட்டுக்குப் போனார் என்ற நம்பிக்கையையும் மக்தூம் ஏற்கவில்லை. ஹிஜ்ரி 200க்குப் பிறகுதான் இருக்கக்கூடும் என்கிறார். தன் மக்களின் பெருமைக்காக எழுதும்போதே ஆண்டைக் கூட்டிச் சொல்லாத இந்த நேர்மை என்னை அவரிடம் கட்டிப்போட்டது.

பட்டியலில் பெயர் இல்லாததால் ஊரார் நினைவு பொய்யாகிவிடாது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேணாட்டு அய்யனடிகள் ஒரு கிறித்தவப் பள்ளிக்குக் கொடுத்த உரிமைகளைச் சொல்லும் அந்த ஏட்டின் கடைசித் தகட்டில் அரபுக் கூஃபி எழுத்திலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் சாட்சிகள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே முஸ்லிம் வணிகர்கள் வேணாட்டு அரசின் ஆவணத்தில் சாட்சி நிற்கும் மதிப்போடு இருந்திருக்கிறார்கள். கொல்லம் வரை வந்த பாய்மரம் தேங்காய்ப்பட்டணத்துக் கழிமுகத்துக்கு வந்திருக்காது என்று நான் நினைக்கவில்லை. கட்டியவர் பெயரை ஊரார் நினைவாகவே வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிக்காகத் திறந்த மக்தூமின் நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு பகுதி. போர்ச்சுக்கீசியர் செய்த கொடுமைகளை அடுக்கிக்கொண்டு வரும்போது, ஹஜ் பயணத்தைத் தடுத்ததைத் தனியாகச் சொல்லி அவர் வேதனைப்படுகிறார். கொள்ளை, தீவைப்பு, சிறைபிடிப்பு எல்லாவற்றோடும் இதுவும் ஒரு காயம். கடலில் போகும் எந்தக் கப்பலும் போர்ச்சுக்கீசியரின் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும்; ‘கர்த்தாஸ்’ என்று அதற்குப் பெயர். சீட்டு இல்லாத கப்பல் கொள்ளைபோகும். நம் கரையிலும் நிலைமை அதுதான். 1538இல் ராமநாதபுரம் கடற்கரையில் வேதாளையில் மரைக்காயர் படை போர்ச்சுக்கீசியரிடம் தோற்றது.

ஏழைகளுக்கு மட்டும் வந்த தடை இல்லை இது. அக்பரின் அத்தை குல்பதன் பேகம் 1575இல் அரண்மனைப் பெண்களோடு பத்தேபூர் சிக்ரியிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பேரரசரின் அத்தையே சூரத்தில் போர்ச்சுக்கீசியர் சீட்டுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்துதான் கப்பல் ஏறினார். திரும்பி வரும்போது 1582 ஆகிவிட்டது. அதே அரசவையின் மூத்த மார்க்க அறிஞர் மக்தூமுல் முல்க், இந்திய முஸ்லிம்களுக்கு இப்போது ஹஜ் கடமையில்லை என்று தீர்ப்புச் சொன்னதாக வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதியிருக்கிறார். தரைவழியில் ஷியா பிரிவினரான சஃபவிகளின் ஆட்சி; கடல்வழியில் மரியாளும் ஏசுவும் பொறித்த சீட்டு; இரண்டும் ஆகாது என்பது அவர் சொன்ன காரணம். பதாயூனிக்கு அவர்மேல் மதிப்பில்லை. ஆனாலும் அப்படி ஒரு தீர்ப்பு எழுந்ததே அந்தக் காலத்தின் நிலையைச் சொல்லும்.

பெரியவர் சொன்ன ‘போகாதவன்’ இங்கேதான் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தார். போக முடியாமல் ஒரு தலைமுறையே கரையில் நின்றது என்றால், அவர்கள் இழந்தது என்ன? புனிதப் பள்ளிக்குப் போவதில் அப்படி என்ன இருக்கிறது? அரசு ஆவணங்களில் இதற்கு விடை கிடைக்காது. ஹதீஸ் தொகுப்புகளைத் தமிழ் மொழிபெயர்ப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று பள்ளிகளுக்கு மட்டுமே வணக்கத்தை நாடிப் பயணம் கட்டலாம் என்று நபிகள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மக்காவின் மஸ்ஜிதுல் ஹராம், மதீனாவின் மஸ்ஜிதுன் நபவி, ஜெருசலேமின் மஸ்ஜிதுல் அக்ஸா ஆகியவை அவை. நபியின் பள்ளியில் தொழும் ஒரு தொழுகை மற்ற இடங்களில் தொழும் 1,000 தொழுகைக்கு மேல். மஸ்ஜிதுல் ஹராமில் அது 1,00,000. முழு பூமியும் தொழுமிடமாக ஆக்கித் தரப்பட்டது என்று சொன்னவரும் அதே நபிதான். எங்கும் தொழலாம் என்றால் மூன்று இடங்களுக்கு மட்டும் எதற்கு இத்தனை ஏற்றம்? எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். எங்கும் நின்று தொழுகிற மனிதனுக்கு முகம் திருப்ப ஒரு திசை வேண்டும். அந்தத் திசையின் முனையில் ஒருநாள் தானே போய் நிற்க வேண்டும் என்ற ஏக்கமும் வேண்டும். ஐந்து வேளையும் கஅபாவை நோக்கி நிற்பவன் வாழ்நாளில் ஒருமுறை அதன் முன்னால் நிற்கும்போது, அவனுடைய அத்தனை தொழுகைகளும் போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கண்டுவிடுகின்றன. ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கஅபாவை முதலில் கண்ட நொடியைச் சொல்லும்போது பேச்சு தடுமாறும்.

போக முடியாதவரின் கதையும் அங்கேயே இருக்கிறது. 628இல் நபிகளே சுமார் 1,400 தோழர்களோடு இஹ்ராம் உடுத்து மக்காவை நோக்கிப் போய், ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். புனிதப் பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தது, வழி இல்லை. அங்கேயே பலிப்பிராணிகளை அறுத்து, தலைமுடி களைந்து, உடன்படிக்கை எழுதித் திரும்பினார்கள். திரும்பும் வழியில்தான், நீங்கள் அந்தப் பள்ளிக்குள் நிச்சயம் நுழைவீர்கள் என்ற வாக்குறுதியைத் தாங்கிய ‘அல்ஃபத்ஹ்’ அத்தியாயம் இறங்கியது. மறு ஆண்டு நுழைந்தார்கள். ஹஜ் கடமையைச் சொல்லும் இறைவசனமே, அங்கே போக வழி பெற்றவர்கள்மேல்தான் அந்தக் கடமையை வைக்கிறது.

அபூதாவூதும் இப்னு மாஜாவும் பதிவுசெய்த இன்னொரு செய்தியைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மைமூனா என்ற பெண் ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸைப் பற்றி நபிகளிடம் கேட்கிறார். அங்கே போய்த் தொழுங்கள் என்று பதில் வருகிறது. அங்கே போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போக முடியாவிட்டால் அந்தப் பள்ளியின் விளக்குகளுக்கு எண்ணெய் அனுப்பிவையுங்கள் என்கிறார்கள். இதன் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றி ஹதீஸ் அறிஞர்களிடையே வாதம் உண்டு. அது அவர்கள் துறை. தேங்காய்ப்பட்டணத்துப் பெரியவர் சொன்ன ‘வழி’ இந்தச் செய்திக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்றே நான் பார்த்தேன்.

இனி அடுத்த தேடல். பதினாறாம் நூற்றாண்டில் நம் பக்கத்தவர்கள் அனுப்பிய எண்ணெய் எது?

இலங்கையில் பாணந்துறையில் பிறந்த பேராசிரியர் ம. மு. உவைஸ், தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டைப் பற்றி 1953இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு பீ. மு. அஜ்மல் கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அவர் வகுத்த கால வரிசையில் நமக்கு முழுதாகக் கிடைத்த முதல் நூல் 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய ‘ஆயிரம் மசலா’. அடுத்தது 1590: ஆலிப் புலவரின் ‘மிகுராசு மாலை’. உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியது. மக்தூமின் நூல் 1583இல் முடிகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஆண்டைப் பார்த்தேன். நடுவில் ஏழே ஆண்டுகள்.

மிகுராசு என்பது மிஃராஜ், நபிகளின் விண்ணேற்றம். ஓர் இரவில் மஸ்ஜிதுல் ஹராமிலிருந்து மஸ்ஜிதுல் அக்ஸாவுக்கும், அங்கிருந்து வானங்களைக் கடந்து இறைவனின் சன்னிதிக்கும் போய் வந்த பயணம். புனிதப் பள்ளியிலிருந்து புனிதப் பள்ளிக்கு! கப்பல் இல்லை, சீட்டு இல்லை, எந்தக் கோட்டையின் பீரங்கியும் குறுக்கே நிற்க முடியாத வழி. ஹஜ் வழி அடைபட்டிருந்த காலத்தில் ஒரு தமிழ்ப் புலவர் காப்பியப் பொருளாக இதை எடுத்துக்கொண்டதைத் தற்செயல் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. இது என் ஊகம்தான். ஆலிப் புலவர் போர்ச்சுக்கீசியரை நினைத்துத்தான் பாடினார் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் கேட்டவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேட்டவர்கள் யார் என்பதுதான் இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய பொருள். மிகுராசு மாலை அரங்கேறிய ஊர் கோட்டாறு. வேறு இடங்களில் அரங்கேற்ற வழி பிறக்காமல் புலவர் தவித்தபோது பாவாடைச் செட்டியார் என்ற இந்துச் செல்வர் கைகொடுத்தார் என்றும், கோட்டாற்றில் அவர் முயற்சியால் நூல் அரங்கேறியது என்றும் இலக்கிய வரலாறுகள் சொல்லி வருகின்றன. செட்டியார் அந்த நூலில் எதைக் கண்டாரோ, அதற்கு ஒரு சபை கூட்டித் தந்தார். அரங்கேற்றம் என்றால் நூலைச் சபையில் படித்துப் பொருள் சொல்லி, கற்றவர் எழுப்பும் தடைக்கு விடை கொடுத்து ஏற்க வைப்பது. ஜெருசலேமின் பள்ளியைக் கண்ணால் கண்டிராத ஒரு சபை, அந்தப் பள்ளிக்குள் நபிமார்கள் அணிவகுத்து நிற்க முகம்மது நபி முன்னின்று தொழுவித்த நிகழ்ச்சியைத் தமிழில் கேட்டிருக்கிறது. அந்தச் சபைக்கு ஏற்பாடு செய்தவர் முஸ்லிம் அல்லர்.

கோட்டாறு அப்படிப்பட்ட ஊர்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாண்டி நாட்டிலிருந்து வரும் சரக்கும், மேற்குக் கரையிலிருந்து போகும் சரக்கும் கைமாறிய சந்தை ஊர். சோழர் காலத்தில் அதற்கு மும்முடிச் சோழபுரம் என்று பெயர். செட்டிகளும் நெசவாளரும் முஸ்லிம் வணிகரும் நெருங்கி வாழ்ந்த தெருக்கள். பிரான்சிஸ் சவேரியாரும் 1540களில் இங்கே வந்து போனார். மூன்று நூற்றாண்டு கழித்து, 1874இல், கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில்தான் செய்குத்தம்பிப் பாவலர் பிறந்தார். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியவர், சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர், கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ் பாடியவர். 1590இன் அந்தச் சபையையும் பாவலரையும் ஒரே ஊரின் ஒரே தமிழ் மரபாகவே நான் பார்க்கிறேன். இலக்கிய வரலாறு எழுதுவோர் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

மிஃராஜின் உச்சத்தில் நடந்தது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பயணத்தில்தான் தொழுகை கடமையானது. முதலில் 50 வேளை. மூசா நபியின் சொல் கேட்டுத் திரும்பத் திரும்ப இறைவனிடம் மன்றாடி 5 வேளையாகக் குறைத்து வாங்கிவந்தார்கள் நபிகள். ஐந்தைத் தொழுதவருக்கு ஐம்பதின் கூலி. அப்படியானால் புனிதப் பள்ளிக்குப் போன அந்த இரவின் பலன், மக்காவிலோ ஜெருசலேமிலோ மட்டும் தங்கிவிடவில்லை. தேங்காய்ப்பட்டணத்துப் பள்ளியில் சுபுஹுக்கு எழுந்து போகிறவரின் கையிலும் அது இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் ஊர்ப் பள்ளியின் முதல் வரிசையில் போய் நிற்காவிட்டால் அந்தப் பயணம் முழுமையடைந்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றுவது இதனால்தான். மூன்று பள்ளிகளின் ஏற்றம் மற்றப் பள்ளிகளைச் சிறிதாக்குவதற்கு வந்தது இல்லை. ஊர்ப் பள்ளியின் ஒவ்வொரு ஸஜ்தாவுக்கும் திசை காட்ட வந்தது.

இந்த இடத்தில் தக்கலையைப் பேசாமல் தாண்ட முடியாது. தென்காசியில் பிறந்து, நெசவைத் தொழிலாகக் கொண்டு, தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானக்கவி பீர்முகம்மது அப்பாவின் ஆண்டு விழா ரஜபு மாதத்தில் வருகிறது. அதையொட்டி அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுக்கக் கூடியிருந்து பாடுவார்கள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவது உண்டு. மிஃராஜ் இரவும் அதே ரஜபில்தான், 27ஆம் இரவு என்று கொண்டாடப்படுகிறது. மூன்று பள்ளிகளைப் பற்றிய ஹதீஸை வைத்து, இப்படிப்பட்ட இடங்களுக்குப் பயணம் கட்டுவது கூடாது என்பவர்கள் நம் மாவட்டத்தில் உண்டு; கூடும் என்பவர்களும் உண்டு. இது நாகர்கோவிலில் தொடங்கிய வழக்கு இல்லை. இமாம் கஸ்ஸாலி, அந்த ஹதீஸ் பள்ளிகளைப் பற்றியது, நல்லடியாரின் அடக்கத்தலத்துக்குப் போகும் சியாரத்தை அது தடுக்காது என்று எழுதினார். அவருக்கு இரு நூற்றாண்டுக்குப் பிறகு இப்னு தைமிய்யா, கூடாது என்று எழுதி அந்த வாதத்துக்காகவே 1326இல் திமிஷ்கில் சிறை புகுந்து 1328இல் சிறையிலேயே இறந்தார். இரு பக்கமும் பெரியவர்கள் இருக்கும் வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் வரலாற்றுக்காரனாக உறுதியாகச் சொல்வேன்: கடல் அடைபட்ட நூற்றாண்டிலும், கப்பல் கூலிக்கு வழியில்லாத நூற்றாண்டுகளிலும் மக்காவையும் மதீனாவையும் பைத்துல் முகத்தஸையும் இந்த மண்ணின் ஏழைகள் நெஞ்சில் எரிய வைத்தது பாட்டுதான். மாலை, நாமா, கிஸ்ஸா, ஞானம் என்று இரவெல்லாம் வீட்டிலும் பள்ளியிலும் பாடிய பாட்டு. அவர்கள் அனுப்பிய எண்ணெய் அது. அதைக் குப்பையென்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பல் 1995 வரை போனது. இப்போது விமானத்தில் சில மணி நேரம். போகிறவர்கள் பெருகிவிட்டார்கள், பாடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மிகுராசு மாலையின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள்தான் அது அரங்கேறிய ஊரில் இன்று அதிகம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கோட்டாறு, இடலாக்குடி, தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஊர்களில் பழைய வீடு வைத்திருப்பவர்களே, வீட்டை இடிக்கும் முன் பரணையும் மரப்பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். ஓலைச்சுவடியோ, அரபுத்தமிழில் எழுதிய கையெழுத்துப் புத்தகமோ, முகப்புத் தாள் கிழிந்த பழைய அச்சுப் பிரதியோ இருந்தால் எரிக்கவும் வேண்டாம், ஆற்றில் விடவும் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, எந்த வீடு, யாருடைய கை என்று எழுதி வையுங்கள். அசலை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. பாட்டு மனப்பாடமாக உள்ள உம்மாமார்கள் வீட்டில் இருந்தால் உட்கார வைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். யாரிடம் படித்தார்கள் என்பதையும் அவர்கள் குரலிலேயே கேட்டு வாங்குங்கள். வருகிற ரஜபுக்கு முன் செய்தால் நல்லது.